பின்கட்டு அறையில் யாரும் படுப்பதில்லை

வெர்னா ஹூடாக்கின் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வருவதற்கு முன் ஒரு கதை வந்துவிடும். தபால்காரர், தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பிரோகிக் கொழுக்கட்டை செய்யும் பெண்கள், கொதிகலனைச் சரிபார்க்க வந்தவன், ஒருவரும் அதிலிருந்து தப்பியதில்லை.

"எழுபதாம் வருஷம், ஆகஸ்ட் மாசம். சாயங்காலம் கிணத்துல தண்ணி இருந்துச்சு, காலையில இல்ல. எங்கப்பா வானத்தைப் பார்த்து வையறாரு, பூமியைப் பார்த்து வையறாரு. அப்ப ஒருத்தன் கதவைத் தட்டுறான். பத்தொம்பது வயசு, மூஞ்சியெல்லாம் கரி, ரெண்டு கையிலயும் பால் கேன் நிறையத் தண்ணி. 'கிணறு வத்திப் போச்சாமே'ங்கறான். ஆறு வாரம்! ஒரு நாள் தவறாம வந்தான். கடைசியில எங்கம்மா சொன்னா, 'இவன் தண்ணி குடுக்க வர்றவன் மாதிரி தெரியலடீ, தாகத்துல வர்றவன் மாதிரி தெரியுது'ன்னு."

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் கணவர் வாசில் மட்டும் அந்த இடத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். எழுபத்திரண்டு வயதிலும் மனிதருக்கு வெட்கம் போகவில்லையே என்று வந்தவர்கள் உருகுவார்கள். உருகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

காதல் கதை என்றால் வார்டெல் ரன் ஊர்க்காரர்களுக்குக் கேள்வி கேட்கும் புத்தி மழுங்கிவிடும். அப்பா கிணற்றை எட்டிப் பார்த்த அரை மணி நேரத்துக்குள், நாலு தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளிக்குக் கிணறு வற்றிய சேதியை யார் போய்ச் சொன்னது? ஐம்பத்து மூன்று வருஷமாக இதை ஒருவரும் கேட்கவில்லை.

ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. அந்தக் கிணற்றை வற்றவைத்ததே வாசில்தான்.

வார்டெல் ரன்னின் கரிச் சுரங்கம், கம்பெனியின் வரைபடத்தில், தேவாலயத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் எல்டர் தெரு, அதில் வீடுகள். வீடுகளுக்கு அடியில் கரியை வெட்டக் கூடாது, நிலத்தைத் தாங்குவதற்கு அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடையில் மேஸ்திரி ஆறு பேரைப் பொறுக்கியெடுத்துக் கோட்டைத் தாண்டி அழைத்துப் போனான். நல்ல கரி. அதை எடுத்துக்கொண்டு, தூணாக நின்ற கரியையும் வழித்தெடுத்துக்கொண்டு பின்வாங்கும்போது, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீரோடு ஒரு தகர வாளியும் வந்து விழுந்தது. வாளியின் பக்கவாட்டில் ஆணியால் கீறிய எழுத்து: ஷிம்கோ. வெர்னாவின் அப்பா பெயர்.

"எவனாவது வாயைத் திறந்தீங்க, ஆறு பேரும் கம்பி எண்ணணும்," என்றான் மேஸ்திரி. வாசில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த வாளி அவரை உலுக்கியது. விடிந்ததும் விடியாததுமாகப் பால் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஷிம்கோ வீட்டுக் கதவைத் தட்டினார். மீதியை வெர்னா சொல்லிவிட்டாள்.

அடுத்த வருஷம் சுரங்கத்தை மூடி வாயில் கான்கிரீட்டை ஊற்றினார்கள். மேஸ்திரி போய்ச் சேர்ந்தான். ஆறு பேரில் நாலு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் வாசிலும் செஸ்டர் பாய்கோவும். செஸ்டர் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து மான் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள், சேர்ந்து இரண்டு கார்களைப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். அந்த வாளியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த வீட்டுக்கே குடிவர வேண்டியிருக்கும் என்று வாசில் கனவிலும் நினைக்கவில்லை. எழுபத்தாறில் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். "எங்கம்மா ஒத்தையா என்ன பண்ணுவா?" என்று வெர்னா அழுதாள். வேண்டாம் என்றார் வாசில். ஏன் வேண்டாம் என்றாள். அவரிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னார். ஒன்றும் எடுபடவில்லை. அன்றைக்கு மாட்டியவர்தான்.

அவர் கையால் வெட்டிய இடம் அவருக்குத் தெரியாதா? பின்முற்றத்துக் கிணற்றடியில் ஆரம்பித்து, பின்கட்டு அறைக்கு நேர் கீழே வந்து வெட்டு நின்றது. முன்பாதி வீட்டுக்கு அடியில் கரி அப்படியே இருக்கிறது. பின்பாதிக்கு அடியில், அறுபது அடி ஆழத்தில், ஒன்றுமில்லை. ஆகவே ஹூடாக் குடும்பம் முன்பாதியில் வாழ்ந்தது. பின்கட்டு அறைதான் வீட்டிலேயே பெரியது, மூன்று ஜன்னல், காலையிலிருந்து வெயில். அதில் உருளைக்கிழங்குச் சாக்கும் பழைய கோட்டுகளும் கிடந்தன. மகள் ரோக்சேன் பிறந்தபோது தொட்டில் மாடிப்படி மூலையில் போடப்பட்டது. அவள் பியானோ கேட்டபோது, "அந்த ரூம்ல ஈரம், மரம் ஊறிப்போயிரும்" என்றார். தையல் மெஷின் போடலாமா என்று வெர்னா கேட்டபோதும் ஈரம்தான். கஞ்சன், அறையைச் சூடேற்றும் எண்ணெய்ச் செலவுக்குப் பயப்படுகிறான் என்று அவள் தங்கைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மாதம் பிறந்தால் வாசில் டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்குவார். அங்கே பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மயிரிழை வெடிப்பு. அதன் மேல் அங்கங்கே சாந்துப் பொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தார். சுவர் அசைந்தால் பொட்டு பிளக்கும். சுரங்கத்தில் கற்ற வித்தை. நாற்பத்தேழு வருஷத்தில் நாலு பொட்டு பிளந்திருந்தது, நாலாவது போன வருஷம். வெர்னா அவர் திருட்டு சிகரெட் குடிக்கப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் சிகரெட்டை விட்டு முப்பத்து நாலு வருஷம் ஆகிறது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் வெர்னாவின் இடுப்பு ஓடவிடவில்லை. இரண்டு அறுவைச் சிகிச்சை, இரண்டும் சரிவரவில்லை. குளியலறை மாடியில், படுக்கை மாடியில், ஆகவே வெர்னாவும் மாடியில். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மூன்று தடவைதான் கீழே இறங்கினாள், மூன்றும் ஆஸ்பத்திரிக்கு. முன்வாசலிலிருந்து தெருவுக்கு வேறு பதினொரு படி. பிரோகிப் பெண்கள் வருவது குறைந்தது. கதை கேட்க ஆளில்லாமல் அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அப்பா, இதுல என்ன கஷ்டம்?" என்றாள் ரோக்சேன், ஒஹையோவிலிருந்து போனில். "பின்கட்டு ரூம்ல கட்டிலப் போடுங்க. ஒரு சின்ன பாத்ரூம் கட்டிருவோம். அந்தக் கதவைத் திறந்தா முற்றம், ஒரு படிகூட கிடையாது. அம்மா சக்கர நாற்காலியில ஆப்பிள் மரம் வரைக்கும் போகலாம்."

"அங்க ஈரம்."

"நான் பொறந்ததுலேருந்து அங்க ஈரம்! ஒரு நாளாவது ஒரு துளி தண்ணிய நான் பார்த்ததில்ல."

அதனால்தான் வீட்டை விற்பது என்று வாசில் முடிவெடுத்தார். ரோக்சேன் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு. அகலக் கதவு, படியே கிடையாது, ஜன்னலுக்கு வெளியே பறவைகளுக்குத் தீனி போடும் கூண்டு. மே கடைசி வரை உங்களுக்காக வைத்திருக்கிறோம் என்றார்கள். இந்த வீட்டை விற்ற பணம் வந்தால்தான் அது. வெர்னா அந்த வீட்டின் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வீடு விற்கும் ஏஜென்ட் ட்ரீனா எல்டர் தெருவில் வளர்ந்த பெண். இரண்டு வாரத்தில் ஒரு குடும்பத்தைப் பிடித்துவிட்டாள். பிடித்த கையோடு ஒரு படிவத்தையும் கொண்டு வந்து சமையலறை மேஜையில் வைத்தாள். பத்துப் பன்னிரண்டு பக்கம். கூரை ஒழுகுமா, கரையான் உண்டா, வெள்ளம் வந்ததா என்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: ஆம், இல்லை, தெரியாது.

"பயப்படாதீங்க மிஸ்டர் ஹூடாக். சட்டம் உங்களைச் சுவரை இடிச்சுப் பாருன்னு சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்சதை மறைக்காம எழுதுங்கன்னுதான் சொல்லுது. தெரியாததுக்கு நீங்க பொறுப்பில்ல."

வாசிலின் விரல் ஏழாம் பக்கத்தில் நின்றது. வீட்டுக்கு அடியில் சுரங்கம், நிலம் உள்வாங்குதல் பற்றி உங்களுக்கு ஏதேனும் தெரியுமா?

"அதுவா? இந்தப் பக்கம் எல்லாரும் அங்கதான் முழிப்பாங்க. வரைபடத்தைப் பார்த்துட்டேன். சுரங்கம் தேவாலயத்தோட முடிஞ்சுது. நீங்க 'தெரியாது'ன்னு ஒரு டிக் போடுங்க."

"வரைபடத்துல இல்லாதது ஏதாவது இருந்தா?"

ட்ரீனா பேனாவை மூடினாள். கெட்டிக்காரி. மனிதர் முகத்தைப் பார்த்ததுமே கையைத் தூக்கிவிட்டாள், போலீஸ்காரன் வண்டியை மறிக்கிற மாதிரி. "சொல்லாதீங்க."

"நான் இன்னும் ஒண்ணும்..."

"சொல்லவே சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிஞ்சா, நானும் வாங்குறவங்ககிட்டச் சொல்லியாகணும். நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், வெர்னா ஆன்ட்டி பேர்லயும் வீடு இருக்கு. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கறேன்." வைத்திருந்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

வாசில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாய்த்தது வினோதமான நோய்: யாரிடம் சொன்னாலும் கேட்டவருக்கும் ஒட்டிக்கொள்ளும். வெர்னாவிடம் சொன்னால் அவளும் 'தெரியாது' போட முடியாது. ஐம்பது வருஷத்து மௌனத்தை அவள் தாங்குவாளா என்பது ஒரு பக்கம். ஆகஸ்ட் மாதத்துக் கதை என்னாகும்? மாடியில் அடைந்து கிடக்கிறவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம். சொல்லாமல் இருந்தால் மே மாதம் அவளுக்கு விடுதலை. சொன்னால் இரண்டும் போச்சு.

செவ்வாய்க்கிழமை செஸ்டர் பின்கதவு வழியாக வராமல் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன எழுதப் போறே?"

"இன்னும் முடிவு பண்ணல."

"முடிவு பண்ண என்ன இருக்கு? எழுதத் தெரியாதவன் மாதிரி உக்காந்திருக்கே. 'தெரியாது'ன்னு போடுடா."

"தெரியுமே, செஸ்டர்."

ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை அது வெளியே வந்தது. செஸ்டர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார்.

"இங்க பாரு வாசில். உன் ஒருத்தன் வீடில்ல இது. நீ 'ஆம்'னு போட்ட மறுநாள் தெருவுல ஒரு வீடு விலை போகாது. என் பேத்திக்கு விட்டுட்டுப் போக எனக்கு வேற என்ன இருக்கு? பதினாலு வருஷம் ஓட்டின டிரக்கா?"

"வீட்டை வாங்கப் போற பொம்பள நேத்து வந்தா. ரெண்டு பொண்ணுங்க அவளுக்கு."

"யாருக்குத்தான் பொண்ணுங்க இல்ல? அம்பது வருஷம் விழாதது நாளைக்கா விழப்போகுது? பெரிய புனிதன்! அன்னைக்கு என்கூட மண்வெட்டி பிடிச்சப்ப எங்க போச்சு இந்தப் புத்தி?"

செஸ்டர் சொன்னது நியாயமில்லை என்று அடித்துச் சொல்ல வாசிலால் முடியவில்லை. பயந்தவன் பேச்சில் பாதி நியாயம் எப்போதும் இருந்து தொலைக்கும்.

வாங்க வந்த பெண்ணின் பெயர் மரிசா. பல் மருத்துவமனையில் வேலை. முந்தின நாள், திங்கட்கிழமை, அவள் வந்தபோது ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டே வந்து பின்கட்டில் நின்றுவிட்டாள். உருளைக்கிழங்குச் சாக்குகளைப் பார்த்து, "இவ்வளவு நல்ல ரூமை இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்களே, பாவம்!" என்று கடிந்துகொண்டாள். ஜன்னலடியில் அடி அளந்தாள். "சின்னவ கட்டில் இங்க, பெரியவ கட்டில் அங்க. காலையில வெயில் மூஞ்சியில அடிச்சா நான் போய் எழுப்பவே வேண்டாம்."

வாசில் வாசற்படியைத் தாண்டாமல் நின்று அதைக் கேட்டார். அந்த இடத்தில்தான் விஷயம் அவருக்கு உறைத்தது. தன் பெண்டாட்டியைப் படுக்கவைக்க மனம் வராத அறை. அவளைப் படுக்கவைக்கக் கூடாது என்பதற்காகத்தானே வீட்டையே விற்கிறார். அதில் அடுத்தவள் பிள்ளைகள் படுக்கலாமாம். தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக அவர் என்றைக்கும் நினைத்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரே குஷி.

"நான் படிக்கறேன், நீ பதில் சொல்லு கிழவா. கூரை ஒழுகுமா? இல்ல. கரையான்? வீட்டுக்குள்ள தின்னு தின்னு உக்காந்திருக்கறது நீ ஒருத்தன்தான். இல்லன்னே போடுவோம். வெள்ளம்? இல்ல." பக்கத்தைப் புரட்டினாள். "சுரங்கம்? எங்கிட்டயே கேக்கறாங்க பாரு, சுரங்கத் தொழிலாளி பெண்டாட்டிகிட்ட. இல்ல."

பேனா கட்டத்தின் மேல் போனது.

"போடாத," என்றார் வாசில்.

அவர் கட்டிலோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கோட்டைத் தாண்டியது, தூணை வழித்தது, தண்ணீர், வாளி. சுருக்கமாகச் சொல்லத் தெரியாமல், சுற்றி வளைக்கவும் தெரியாமல், தடுக்கித் தடுக்கிச் சொன்னார்.

வெர்னா வெகுநேரம் வாளியைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரிய வாளியா? பிடியில துணி சுத்தியிருந்துச்சா?"

"ஆமா."

"அதைத் தொலைச்சதுக்கு என்னைத்தான் அடிச்சாரு எங்கப்பா." பிறகு முகம் மாறியது. "அப்ப அன்னைக்குக் காலையில, கிணறு வத்திப் போச்சுன்னு உனக்கு யாரும் வந்து சொல்லல."

"இல்ல."

"நானே இத்தனை வருஷமா அதைச் சொல்லிச் சொல்லி... எனக்குத் தோணவே இல்ல பாரு. தொட்டிலை மாடிப்படி மூலையில போட்டது. பியானோ. என் தையல் மெஷின். ஈரம் ஈரம்னியே." அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "இப்ப அஞ்சு மாசமா நான் இங்க கிடக்கறேனே, அதுவும் இதுக்குத்தான். என் வீட்டுல எங்க படுக்கணும், எங்க உக்காரணும்னு அம்பது வருஷமா நீயே முடிவு பண்ணிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீ பயந்துருவேன்னுதான்."

"பயப்படறதா வேண்டாமாங்கறதை நான் பார்த்துக்கறேன். நீ யாரு? கீழ போ வாசில். உன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கல."

கிழவா என்று சொல்லவில்லை. அவர் கீழே போனார். சாப்பாட்டுத் தட்டு மேலே போய் அப்படியே திரும்பி வந்தது. வியாழக்கிழமை ட்ரீனா வந்தபோது, நாளைக்கு வா என்று கதவிடுக்கில் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை மேலிருந்து கைத்தடியால் தரையைத் தட்டும் சத்தம். போனார். படிவம் போர்வை மேல் கிடந்தது. 'ஆம்' கட்டத்தில் பேனா அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தேவிட்டது. அதற்குக் கீழே விளக்கம் எழுதும் இடத்தில் வெர்னாவின் சாய்ந்த எழுத்து: "1970 ஆகஸ்டில் எங்கள் கிணறு வற்றியது வறட்சியால் அல்ல. வரைபடத்துக்கு அப்பால் அடியில் கரி எடுக்கப்பட்டது. எடுத்தவர்களில் என் கணவரும் ஒருவர். பின்கட்டு அறையில் நாங்கள் யாரையும் படுக்கவைத்ததில்லை." கையெழுத்து.

"அந்தப் பொம்பளைக்கு இது தெரியணும்," என்றாள். "எங்கிட்ட யாரும் கேட்டுட்டுப் படுக்கவெக்கல. அவளாவது தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும். உன் கையெழுத்தைப் போடு."

தலையணைக்கு அடியிலிருந்த படத்தை அவள் எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டிருந்தாள். அவர் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மரிசா ஒரே நாளில் விலகிக்கொண்டாள். ட்ரீனா போனில் கத்தவில்லை, அழுதாள். "என் அம்மா வீடும் அந்தத் தெருவுலதான் மிஸ்டர் ஹூடாக். நாலு வரியில மொத்தத் தெருவையும் கவுத்துட்டீங்க." பாதி விலைக்குப் போட்டும் ஒருவரும் வரவில்லை. மே முடிந்தது, ஒஹையோ வீட்டுக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பின்முற்றத்தில் துளை போட்டார்கள். அறுபத்தோராவது அடியில் துளைக்கருவி சடக்கென்று இறங்கியது. "நூறு வருஷமும் நிக்கலாம், வர்ற மழைக்கும் போகலாம். எங்களால சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிரோகிப் பெண்கள் தெருவில் வாசிலைக் கண்டால் கைப்பைக்குள் எதையோ தேடினார்கள். செஸ்டர் தன் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டார்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சு லேசாகிவிடும் என்பார்கள். வாசிலுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முன்பு அவர் ஒருவர் அகப்பட்டிருந்தார், இப்போது தெருவே அகப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வெர்னா அவரோடு பேசினாள், உப்பு, மாத்திரை, ஜன்னல் என்று தேவைக்கு ஏற்ற அளவு. வீட்டுக்கு யாரும் வரவில்லை, வந்தாலும் அவள் அந்தக் கதையைச் சொல்லியிருக்கமாட்டாள்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், அழைப்பு மணி அடித்தது. வாசலில் செஸ்டர். வாசிலின் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேல் பார்த்தபடி, "உன் பெண்டாட்டி போன் பண்ணினா. வரலேன்னா கைத்தடியோட வருவேன்னா. என்னடா வேணுமாம் அவளுக்கு?" என்றார்.

மேலே வெர்னா தலை வாரி, நீல உடை போட்டு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கட்டிலைக் கீழ கொண்டு போங்க. பின்கட்டுக்கு. அப்புறம் என்னை."

"வெர்னா, அந்த ரூம்ல..." என்று ஆரம்பித்தார் வாசில்.

"அடியில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். முன்பக்கம் விழாது, ஆனா நான் வெளிய போக முடியாது. பின்பக்கம் விழலாம், ஆனா கதவைத் திறந்தா மரம். எது வேணும்ங்கறதை இந்தத் தடவை நான் சொல்றேன்."

வாசில் போய் உருளைக்கிழங்குச் சாக்குகளை இழுத்து வெளியே போட்டார். இரண்டு கிழவர்களும் கட்டிலைப் பிரித்து, முக்கி முனகி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு இறக்கினார்கள். மூன்று மாதமாகப் பேசாதவர்களுக்குத் திட்டுதான் முதலில் வந்தது. பின்கட்டு வாசற்படியில் செஸ்டர் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல நான் வரமாட்டேன். நீ இழுத்துக்கோ."

மாடிப்படி உச்சியில் நாற்காலியில் காத்திருந்த வெர்னாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "உன் வீட்டுலயும் பின்கட்டு பூட்டித்தானே கிடக்கு செஸ்டர்? உன் பேத்தி வந்தா எங்க படுக்கவெக்கறே?" என்று மேலிருந்தே கேட்டாள்.

செஸ்டரின் காது சிவந்தது. அடுத்து அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கியபோது, ஒரு கணம் தயங்கி, கண்ணை மூடிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினார். அவளை இறக்கிவிட்டு விறுவிறுவென்று முன்வாசல் வழியாகவே போய்விட்டார்.

கதவு திறந்திருந்தது. ஆப்பிள் மரம், அதற்கு அப்பால் பலகை அடித்து மூடிய கிணறு. வெர்னா கட்டிலில் காலை நீட்டி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசில் வாசற்படியிலேயே நின்றார்.

"நான் யோசிச்சுப் பார்த்தேன்," என்றாள். "அந்த வருஷம் தெருக்கோடியில பஞ்சாயத்துக் குழாய் போட்டாங்க. எப்பப் போட்டாங்க, ஞாபகம் இருக்கா?"

"செப்டம்பர் முதல் வாரம்."

"கிணறு வத்தி மூணாவது வாரம். குழாய் எங்க வீட்டு வாசல்லேருந்து இருபது அடி. அதுக்கப்புறமும் மூணு வாரம் நாலு தெரு தாண்டிப் பால் கேன்ல தண்ணி சுமந்துக்கிட்டு வந்தியே, அது எதுக்கு?"

வாசில் வாயைத் திறந்தார். இதை அவர் என்றைக்கும் யோசித்ததில்லை. அந்த ஆறு வாரத்தையும் ஒரே குற்றமாகத்தான் சுமந்துகொண்டிருந்தார்.

"அது... உன்னைப் பார்க்கத்தான்," என்றார்.

"கதையில பாதிதான் எனக்கு மிஞ்சுது. பரவாயில்ல." அவள் கட்டிலில் தன் பக்கத்தைத் தட்டினாள். "வா, கிழவா."

அவர் சுவரோரமாக, பலகைகளின் ஓரத்தில் கால் வைத்து நடந்து வந்தார். சுரங்கத்தில் கூரை பிடிக்காத இடத்தில் அப்படித்தான் நடப்பார்கள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பாரத்தில் பாதியைக் கையிலும் காலிலுமாகத் தாங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வெர்னா அவரைப் பார்த்தாள்.

"பாதி உக்காராத," என்றாள். "முழுசா உக்காரு."

வாசில் தரையிலிருந்து முதலில் ஒரு காலை எடுத்தார். பிறகு மற்றதை.